ஆயிரத்துக்கு முப்பது குறைச்சல்

ஒருத்திக்குப் பட்டப்பெயர் வைப்பதில் உலகத்துக்கு இருக்கிற சுறுசுறுப்பு, அதை எடுப்பதில் கிடையாது. கண்ணாடி துடைக்கும் திரவம் செய்கிற அந்தச் சின்னக் கம்பெனியில் அவளுக்குச் 'சிந்தாமணி' என்று பேர் வைக்க அரை நாள்தான் ஆயிற்று. ஏழு வருஷமாகியும் பேர் போகவில்லை. சிந்தாதவள் என்று பாராட்டி வைத்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். கையில் எதைக் கொடுத்தாலும் கொட்டிவிடுவாள் என்று கேலிக்கு வைத்தது.

கதை இதுதான். அவர்கள் செய்கிற திரவம் பாதிக்குப் பாதி. பாதி ஸ்பிரிட், பாதி சுத்தத் தண்ணீர். கலவை அறையில் ஒரு பெரிய தொட்டி, அதன் உள்சுவரில் இரண்டு கோடு. கீழ்க்கோடு வரை ஸ்பிரிட்டை விட வேண்டும். அப்புறம் குழாயைத் திறந்து மேல்கோடு வரை தண்ணீர். எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று யாரும் அளந்ததில்லை. கோடு வந்தால் குழாயை மூடு, அவ்வளவுதான் வேலை. முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இதே முறைதான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மோட்டார் ரிப்பேர். குழாயில் காற்றுதான் வந்தது. அப்போது கலவை அறையில் இருந்தவள் இவள். சும்மா உட்காரத் தெரியாத ஜாதி. பக்கத்துக் கட்டடத்திலிருந்து பத்து லிட்டர் கேனில் பத்து நடை தண்ணீர் தூக்கி வந்து, நூறு லிட்டர் ஸ்பிரிட்டோடு சேர்த்தாள். கோடு வரவில்லை. சூப்பர்வைசர் அளவுக்கோலை விட்டுப் பார்த்தார்.

"நூறும் நூறும் எவ்வளவும்மா?"

"இருநூறு சார்."

"தொட்டியில நூத்தித் தொண்ணூத்தி நாலுதான் இருக்கு. மீதி ஆறு?"

அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவள் தலையில்தான் பழி விழும். 'தூக்கிக்கிட்டு வர்ற வழியில சிந்திட்டா' என்று சூப்பர்வைசர் தீர்ப்பு எழுதினார். மறுநாள் அவளைப் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கி எடை போடுகிற பேக்கிங் அறைக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டி சிந்தாது பாருங்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், அவளே அதை நம்பிவிட்டாள். பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் நம் கையே நமக்கு அந்நியமாகிவிடும். வீட்டில் டம்ளரில் முக்கால்தான் ஊற்றுவாள். குடத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்கிப்போவது மாதிரி நடப்பாள். விருந்தாளி வந்தால் தட்டை நீட்டுவது அவள் ஓரகத்தி. போன மாதம் பெற்ற மகளே, "நீ ஊத்த வேணாம்மா, நானே ஊத்திக்கிறேன்" என்று ஜாடியை வாங்கிக்கொண்டாள். பிள்ளை அதைப் பாசமாகத்தான் சொன்னது. இவள் சமையலறைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஓரகத்தியும் அதே கம்பெனிதான். கொழுந்தனின் மனைவி. நாலு வருஷமாகக் கலவை அறையில் உதவியாள். இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே பேருந்து. கலவை அறைப் பொறுப்பில் இருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போனதும் அந்த இடத்துக்கு இரண்டு பேரும் கை தூக்கினார்கள். சூப்பர்வைசருக்கு ஓரகத்திதான் வேண்டும். ஆனால் முதலாளிக்கு ஒரு பலவீனம் உண்டு. தன்னை நீதிமான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே வீடு. நான் பாட்டுக்கு ஒருத்தருக்குக் கொடுத்தா அங்க அடுப்பு ரெண்டாயிடும். ஒரு பரீட்சை வெப்போம்" என்றார்.

பரீட்சையை அவரே யோசித்தார். அவர் சொந்தமாக யோசிக்கிற நாட்களில் கம்பெனியில் எல்லாரும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பார்கள். ஒரு அளவு ஜாடியில் ஐந்நூறு மில்லி ஸ்பிரிட். இன்னொன்றில் ஐந்நூறு மில்லி தண்ணீர். இரண்டையும் ஒரு பெரிய ஜாடியில் ஊற்ற வேண்டும். மேசையில் வெள்ளைக் காகிதம் விரித்திருக்கும். ஒரு சொட்டு சிந்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் பெரிய ஜாடி ஆயிரம் காட்ட வேண்டும். அவள் கேனில் தூக்கி வந்த அந்த ஒரு நாளைத் தவிர, முப்பது வருஷக் கம்பெனியில் முதல் தடவையாகத் தண்ணீரை அளந்து ஊற்றப் போகிறார்கள் என்று அவருக்கும் தோன்றவில்லை, சூப்பர்வைசருக்கும் தோன்றவில்லை.

அன்று காலைப் பேருந்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, எது வந்தாலும் மனசுல வெச்சுக்கக் கூடாது" என்றாள் ஓரகத்தி.

"நான் என்னத்த வெச்சுக்கப் போறேன். எனக்கு அந்த வேலைகூடப் பெருசில்ல. அந்தப் பேரு போனா போதும்" என்றாள் இவள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே தெரிந்தது.

முதலாளி அறைக்குள் முதலில் ஓரகத்தியைக் கூப்பிட்டார்கள். இவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்து, திருடர்களைப் பார்ப்பதுபோல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷத்தில் கதவு திறந்தது. ஓரகத்தி முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தாள். பின்னாலேயே சூப்பர்வைசரின் குரல்: "ஆயிரம்னா ஆயிரம்! தலைமயிரளவுகூடத் தப்பல!"

இவள் உள்ளே போனாள். ஓரகத்தியின் ஜாடி ஜன்னலோரம் கொலு வீற்றிருந்தது. ஆயிரம் கோட்டில் திரவம் நேராக நின்றது. மேசையில் புதுக் காகிதம், மூன்று ஜாடி, கழுவுகிற தண்ணீர் வைத்த பீச்சு பாட்டில் ஒன்று. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிட்டை ஊற்றினாள். ஜாடியின் வாயைப் பெரிய ஜாடியின் விளிம்பில் சாய்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை எண்ணிக்கொண்டே காத்திருந்தாள். தண்ணீரையும் அப்படியே. தாய் பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற பதவிசு. கலக்கினாள். காகிதத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை. முதல் தடவையாக அவளுக்குத் தன் கைமேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

சூப்பர்வைசர் குனிந்து கோட்டைப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அவள் காகிதத்தைத் தடவிப் பார்த்தாள். தூக்கி அடியில் பார்த்தாள். மேசைக்குக் கீழே பார்த்தாள். தன் புடவையைக்கூடத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எங்கம்மா போச்சு இருபத்தஞ்சு மில்லி?" என்றார் முதலாளி.

"தெரியல முதலாளி."

"சிந்துறதுலகூட ஒரு கைப்பழக்கம் வேணும். ஈரமே தெரியாம சிந்தியிருக்கு" என்றார் சூப்பர்வைசர். அதைப் பாராட்டு மாதிரிச் சொன்னார். முதலாளியும் தலையாட்டினார். ஈரமில்லாமல் எப்படிச் சிந்த முடியும் என்று இரண்டு பெரிய மனிதர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆளை முடிவு செய்தபிறகு குற்றத்தை யார் விசாரிக்கிறார்கள்?

அவள் ஜாடியை நகர்த்திவைக்க எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. பச்சைத் தண்ணீரும் ஸ்பிரிட்டும் கலந்தது, அடுப்பில் வைக்கவில்லை, இது ஏன் சுடுகிறது? கேட்க நினைத்தாள், வாய் வரவில்லை. ஜாடியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டாள்.

முதலாளிக்கோ பாடம் நடத்தாமல் யாரையும் அனுப்பிப் பழக்கமில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "இங்க பாரும்மா. ஊத்துறதுன்னா நிதானம். மனசு ஒருநிலையில இருக்கணும். பாத்துக்க." இன்னொரு பெரிய ஜாடியை எடுத்து வைத்து, அளந்தார், ஊற்றினார், கலக்கினார், புன்னகையோடு விலகி நின்றார். சூப்பர்வைசர் குனிந்தார். இந்தத் தடவை நிமிர்வதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவுய்யா?"

சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. "ஆனைக்கும் அடி சறுக்கும் முதலாளி..."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"எழுபத்தஞ்சு."

"நான் சிந்தலய்யா! சிந்தினா எனக்குத் தெரியாதா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குச் சுரீரென்றது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதைத்தான் அவள் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு ஏழு வருஷமாக வராத வார்த்தை முதலாளிக்கு அரை நிமிஷத்தில் வந்துவிட்டது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. அது கோபம். அவளுக்கே அது புதுசு.

"மேசை சாய்வா இருக்கும்" என்றார் சூப்பர்வைசர். "இல்லன்னா ஃபேன் காத்து. ஸ்பிரிட்டு ஆவியாயிருக்கும்." ஃபேனை நிறுத்தினார். அப்போதுதான் முதலாளியின் கண் ஓரத்தில் இருந்த அவள் ஜாடிமேல் விழுந்தது. "யாருய்யா இதத் தொட்டது? இப்ப எழுபதுதான் இருக்கு!"

யாரும் தொடவில்லை. மூன்று பேரும் அங்கேயேதான் நின்றிருந்தார்கள். கண்ணெதிரே இன்னும் ஐந்து மில்லி காணோம். முதலாளி ஜாடியிலிருந்து ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

"முதலாளி, ஒரு நிமிஷம். எடை மெஷினைக் கொண்டாறேன்" என்றாள் அவள்.

"பாத்து, கீழ போட்டுடாத" என்றார் சூப்பர்வைசர், வழக்கம்போல.

ஏழு வருஷம் பெட்டி பெட்டியாக எடை போட்டவள் அவள். அவளுக்குத் தெரிந்த ஒரே சாட்சி அந்த மெஷின்தான். அது ஆள் பார்த்து எண்ணை மாற்றாது. கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மறுபடி இரண்டு சின்ன ஜாடியும் ஐந்நூறு ஐந்நூறாக நிரப்பினாள். காலிப் பெரிய ஜாடியையும் சேர்த்து மூன்றையும் ஒன்றாக மெஷினில் ஏற்றினாள். இரண்டு கிலோ இருநூற்று ஐம்பத்தைந்து கிராம்.

"இப்ப நான் ஊத்தல. முதலாளியும் ஊத்த வேணாம். சார் ஊத்தட்டும்."

சூப்பர்வைசர் முன்னால் வந்தார். முப்பது வருஷமாக மற்றவர்கள் ஊற்றுவதைத்தான் அவர் மேற்பார்வை செய்திருக்கிறார். ஜாடியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். நெற்றி வேர்வை ஜாடியில் விழுந்து கணக்கைக் கெடுத்துவிடாமல் முதலாளி ஒரு கைக்குட்டையை நீட்டினார். எப்படியோ ஊற்றி முடித்தார். எழுபத்தைந்து. அவள் மூன்று ஜாடியையும், ஒட்டிக்கொண்டிருந்த சொட்டுகளோடு, திரும்ப மெஷினில் வைத்தாள்.

இரண்டு கிலோ இருநூற்று ஐம்பத்தைந்து.

"எடை குறையல முதலாளி. ஒரு கிராம்கூட எங்கயும் போகல. எல்லாம் உள்ளதான் இருக்கு."

"உள்ள இருந்தா கோடு ஏன் எறங்குது?"

அவள் யோசித்தாள். "பேக்கிங்ல பெரிய பாட்டில் ஒரு பெட்டி, சின்ன பாட்டில் ஒரு பெட்டின்னு தனித்தனியா அடுக்குவோம். ரெண்டையும் கலந்து அடுக்கினா பெரிய பாட்டில் சந்துல சின்னது போய் உக்காந்துக்கும். எடை அதேதான். பெட்டியில எடம்தான் மிச்சமாகும். இதுவும் அந்த மாதிரி நெருக்கிக்கிட்டு உக்காந்திருக்கும்னு நெனைக்கிறேன்."

முதலாளி மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "அப்ப ஆயிரம் வரவே வராதா?"

"எப்படி ஊத்தினாலும் வராது போல இருக்கு முதலாளி."

சொல்லி முடித்ததும் மூன்று பேருடைய தலையும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கே ஓரகத்தியின் ஜாடி ஆயிரம் கோட்டை ஒட்டியே பளபளவென்று நின்றது.

ஓரகத்தி கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தாள். வேலை உத்தரவு என்று நினைத்திருப்பாள் பாவம்.

"நீ எப்படிம்மா ஆயிரம் கொண்டுவந்தே?" என்றார் முதலாளி.

"அளந்து ஊத்தினேன், கலக்கினேன், கொஞ்சம் குறைஞ்சுது, பீச்சு பாட்டில எடுத்துக் கோடு வரைக்கும் தண்ணி விட்டேன்."

"எப்ப விட்டே?"

"உங்க முன்னாடிதான் முதலாளி. சார்கூடப் பக்கத்துலயே நின்னாரே. எப்பவும் செய்யறதுதானே? கோடு வரைக்கும் விடாம கலவை எப்படி முடியும்?"

அவள் முகத்தில் கள்ளமில்லை. நாலு வருஷமாகக் கோடு வரை நிரப்பியே பழகிய கை, கோட்டைக் கண்டதும் தானாகப் பாட்டிலை எடுத்துவிட்டது. சூப்பர்வைசரும் முதலாளியும் அதைப் பார்த்தார்கள். அதுதான் வேலை என்று பழகிய கண்ணுக்கு அது தெரியவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள் என்று அவளைச் சொல்லவும் முடியாது. அவள் மறைக்கவே இல்லையே!

முதலாளிக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. அந்தக் கம்பெனியில் வேதியியல் படித்தவர் ஒருவர் இருந்தார். படித்தவர் என்பதால் அவரை விற்பனைக்கு அனுப்பியிருந்தார்கள். முதலாளி அவருக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தார்.

"ஆமா முதலாளி, ஸ்பிரிட்டும் தண்ணியும் கலந்தா அளவு குறையும்" என்றது போன். "ரெண்டும் நெருங்கிக்கும். அதே எடை குறைஞ்ச எடத்துல இருக்கறதால அடர்த்தியும் நாம நெனைக்கறதவிடக் கூடும். கலக்கும்போது சூடாகும். ஆறினா இன்னும் கொஞ்சம் எறங்கும். ஆயிரத்துக்குச் சுமாரா முப்பது."

"இத ஏன்யா இத்தனை வருஷம் சொல்லல?"

"நீங்க கேக்கலியே முதலாளி. எப்பவும் ஆர்டர் எவ்வளவுன்னுதானே கேப்பீங்க?"

முதலாளி போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆயிரத்துக்கு முப்பது. அவள் உதட்டுக்குள் கணக்குப் போட்டாள். இருநூறு லிட்டருக்கு ஆறு. மறுபடி போட்டாள். அப்போதும் ஆறுதான் வந்தது.

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரிம்மா. நாளையிலேர்ந்து நீ கலவை அறைக்கு வந்துடு. உன் கை சுத்தமான கைதான்."

ஓரகத்தி முகம் விழுந்தது. ஆனாலும் "அக்கா கைய நான்தான் தினமும் வீட்ல பாக்கறேனே" என்று மெதுவாகச் சொன்னாள். சூப்பர்வைசர் அதைவிடச் சுருக்கமாக முடிக்கப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. பழசெல்லாம் விடு."

'விடு' என்று சொல்வது எப்போதுமே சுமத்தியவர்களுக்குச் சுலபம். சுமந்தவளுக்கு அப்படி இல்லை. அவள் விடவில்லை.

"சார், அன்னைக்கு நான் ஆறு லிட்டர் சிந்தினேன்னு சொன்னீங்களே, தரை ஈரமா இருந்துச்சா?"

"தரைய யாரு பாத்தா? நான் தொட்டியத்தான் பாத்தேன்."

"நான் நடந்து வந்த வழி? படிக்கட்டு?"

சூப்பர்வைசர் முதலாளியைப் பார்த்தார்.

"அன்னைக்குக் குழாயில தண்ணியே வரல சார். வருஷம் பூரா சொதசொதன்னு கெடக்கற அந்த ரூம் அன்னைக்கு ஒருநாள்தான் காஞ்சு கெடந்திருக்கணும். சிந்தியிருந்தா அப்படியே தெரிஞ்சிருக்கும். நீங்க பாக்கல. நானும் பாக்கல. நீங்க சொன்னீங்கன்னு நானும் நம்பிட்டேன். எம் பொண்ணு எங்கிட்ட ஒரு டம்ளர் தண்ணி வாங்கக் கூச்சப்படறா. எனக்கு வயிறு எரியுது சார்."

அவள் ஒரு சின்ன அளவு ஜாடியை எடுத்தாள். தன் கலவையிலிருந்து சரியாக முப்பது மில்லி அளந்தாள். கோட்டைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்து, முதலாளிக்கும் சூப்பர்வைசருக்கும் காட்டினாள். பிறகு வெள்ளைக் காகிதத்தின் நட்டநடுவில் நிதானமாகக் கவிழ்த்தாள்.

காகிதம் நனைந்து ஒட்டியது. ஈரம் நாலா பக்கமும் ஓடியது. பேனா ஸ்டாண்டைச் சுற்றியது, பரீட்சை விதிகள் எழுதிய தாளுக்கு அடியில் புகுந்தது, மேசை விளிம்புக்கு வந்து சூப்பர்வைசரின் கால்சட்டையில் டொப் டொப்பென்று விழுந்தது. அறை முழுக்க ஸ்பிரிட் வாசனை. முதலாளி இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

"சிந்துறதுன்னா இப்படி இருக்கும் முதலாளி" என்றாள் அவள். "இது வெறும் முப்பது மில்லி. அன்னைக்கு நான் சிந்தினதாச் சொன்னது ஆறாயிரம்."

சூப்பர்வைசர் ஜன்னலில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி மேசையைத் துடைக்க வந்தார்.

"இருங்க சார், தொடாதீங்க" என்று அவள் கையை நீட்டித் தடுத்தாள். "பேக்கிங் ரூம்ல எல்லாரும் இருக்காங்க. ஒவ்வொருத்தரா வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் துடைக்கலாம்."

ஓரகத்தி யாரிடமும் கேட்காமல் அவர்களைக் கூப்பிடப் போனாள்.